பூஜ்யத்துக்கு மேலே!

பொருளுக்கு உச்ச விலை கட்டும் சர்க்காரைப் பார்த்திருக்கிறோம். உற்பத்தி செய்பவன் நஷ்டப்படக் கூடாதென்று குறைந்தபட்ச விலை நிர்ணயிக்கும் சர்க்காரையும் பார்த்திருக்கிறோம். “விலை பூஜ்யத்துக்கு மேலே இருந்தால் போதும்” என்று விதி எழுதிய சர்க்காரை எங்கேனும் கண்டதுண்டா? பிரிட்டனிலே உண்டு.

சொந்த வீட்டுக் கூரையிலே சூரியத் தகடு பதிக்கிறார் ஒருவர். பகலெல்லாம் மின்சாரம் உற்பத்தியாகிறது. அவர் வேலைக்குப் போய்விடுகிறார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலே. வீட்டில் செலவாகாத மின்சாரம் தெருக் கம்பி வழியே ஊருக்குப் போகிறது. அதை அடுத்த வீட்டுக்காரர் பயன்படுத்துகிறார்; கம்பெனி அவரிடம் முழு விலை வசூலிக்கிறது. அப்படியானால் கொடுத்தவருக்கு என்ன கிடைக்கிறது?

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய மூன்று பகுதிகளிலும் 2020 ஜனவரி 1-ந் தேதி முதல் ‘ஸ்மார்ட் எக்ஸ்போர்ட் கியாரண்டி’ என்ற ஏற்பாடு அமுலில் இருக்கிறது. வீட்டு வாடிக்கையாளர்கள் 1,50,000 பேருக்குக் குறையாத ஒவ்வொரு மின்சாரக் கம்பெனியும், இப்படி வந்து சேரும் மின்சாரத்துக்கு ஒரு விலைத் திட்டமாவது அறிவித்தே தீரவேண்டும். எவ்வளவு விலை? அது கம்பெனியின் இஷ்டம்! பூஜ்யமாக மட்டும் இருக்கக் கூடாது. கியாரண்டி என்ற சொல் பெயரிலே இருக்கிறது, விலையிலே இல்லை.

விளைவு என்ன ஆயிற்று தெரியுமா? திட்டம் தொடங்கிய காலத்திலே தாராளமாகக் கொடுத்த கம்பெனிகள் யூனிட்டுக்கு 5 பென்ஸுக்குச் சற்று மேலே கொடுத்தன. பெரிய கம்பெனி ஒன்றோ 0.001 பென்ஸ் என்று அறிவித்தது. ஆயிரம் யூனிட் கொடுத்தால் ஒரே ஒரு பென்னி! சட்டத்தை மீறினார்களா? இல்லை. அட்சரம் பிசகாமல் நிறைவேற்றினார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பிறகே அந்த விலை ஏறியது.

எப்போதும் இப்படி இருந்ததா என்றால், இல்லை. 2010 ஏப்ரலில் தொடங்கிய பழைய திட்டத்திலே, ஏற்கெனவே கட்டியிருந்த வீட்டின்மேல் சிறிய அளவில் தகடு வைத்தவருக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 41.3 பென்ஸ் கிடைத்தது; வெளியே அனுப்புவதற்குத் தனியே 3 பென்ஸ். அந்தத் தாராளம் நீடிக்கவில்லை. 2011 இறுதியிலே தொகையை ஏறக்குறையப் பாதியாக வெட்டினார்கள். அதுவும் எப்படி? மக்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று கெடு வைத்துவிட்டு, அந்தக் கெடு முடியும் முன்பே வெட்டு அமுலாகும் தேதியைக் குறித்துவிட்டார்கள்! வழக்கு நடந்தது. அப்படிச் செய்தது சட்ட விரோதம் என்று 2011 டிசம்பரில் உயர் நீதிமன்றமும், 2012 ஜனவரியில் அப்பீல் நீதிமன்றமும் தீர்ப்பளித்தன. வெட்டு சில வாரம் தள்ளிப்போயிற்றே தவிர, நிற்கவில்லை. 2019 மார்ச் 31-ந் தேதியோடு புதியவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டது. அடுத்த ஏற்பாடு வந்தது ஒன்பது மாதம் கழித்து. அந்த ஒன்பது மாதத்திலே தகடு வைத்தவரின் மிச்ச மின்சாரத்துக்கு விலை கொடுத்தாக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை.

இருந்தாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பழைய திட்டத்தின் செலவு எல்லோருடைய மின்சாரப் பில்லிலும் ஏறியது. வாடகை வீட்டில் இருப்பவரும், கூரையே இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பினரும், கூரையும் கைப்பணமும் உள்ளவருக்காகச் சேர்ந்து கொடுத்தார்கள். அது அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும் என்று நாம் வாதாட மாட்டோம். தாராளத்தைக் குறைத்தது சரி. விலையின் அடித்தளத்தையே பெயர்த்தது சரியா என்பதுதான் நம் கேள்வி.

இன்றைய நிலையிலே வீட்டுக்காரர் என்ன செய்வது? பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. மின்சாரம் வாங்குகிற கம்பெனியிடமே விற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒரு கம்பெனியிடம் வாங்கலாம், வேறொன்றிடம் விற்கலாம். 1948-ல் நாட்டுடைமையாக்கி, 1990-ல் தனியாருக்கு விற்று, 1999-க்குள் வீடுதோறும் போட்டியைத் திறந்துவிட்ட நாடு அது. “உங்கள் இஷ்டப்படி தேர்ந்தெடுங்கள்” என்று சொல்லிவிட்டார்கள் அல்லவா? தேர்ந்தெடுக்கட்டும், கண்ணைத் திறந்துகொண்டு!

4 கிலோவாட் தகடு, தெற்கு இங்கிலாந்திலே ஆண்டுக்குச் சுமார் 3,400 யூனிட் தரும் என்று வைத்துக்கொள்வோம். பாதி வெளியே போகிறது, 1,700 யூனிட். யூனிட்டுக்கு 15 பென்ஸ் என்றால் 255 பவுன். 4 பென்ஸ் என்றால் 68 பவுன். அதே கூரை, அதே வெயில், அதே கம்பி. படிவத்தில் எழுதிய கம்பெனியின் பெயர் மட்டும் வேறு. ஆண்டுக்கு 187 பவுன் எங்கோ போகிறது. 2022-க்குப் பின் 15 பென்ஸ் வரையில் கொடுத்த கம்பெனிகளும் இருந்தன. அதே காலத்தில் சில பென்ஸோடு நின்றுகொண்ட கம்பெனிகளும் இருந்தன.

ஆனால் மேலே எழுதிய எண்ணை மட்டும் பார்த்து மயங்குவோர் ஏமாறுவர். உயர்ந்த விலையைச் சில கம்பெனிகள் தம்மிடமே மின்சாரம் வாங்குவோருக்கு மட்டும் கொடுக்கின்றன. வேறு சில, தகட்டையே தம்மிடம் வாங்கியவருக்குக் கொடுக்கின்றன. விற்கும் விலையில் மூன்று பென்ஸ் கூட்டி, வாங்கும் விலையில் அதைப் பிடுங்கிக்கொள்வது வியாபாரிக்குப் புதிய வித்தையா? வலது கையால் கொடுப்பதை இடது கை எடுக்கிறதா என்று இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்க்க வேண்டும். விலை எத்தனை மாதத்துக்கு நிலையானது, நேரத்துக்கு நேரம் மாறுவதா என்பதையும் கேட்க வேண்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2025-ல் வீட்டுக்காரர் வாங்கிய மின்சாரம் பெரும்பாலும் யூனிட்டுக்கு 25 முதல் 27 பென்ஸ். 15 பென்ஸுக்கு விற்று 26 பென்ஸுக்குத் திருப்பி வாங்குவதைவிட, துணி துவைக்கும் இயந்திரத்தை நண்பகலில் ஓடவிடுவது லாபம்.

காகித வேலையும் சாமானியமல்ல. எம்.சி.எஸ். சான்றிதழ் வேண்டும். அரை மணிக்கு ஒரு தரம் அளவு காட்டும் மீட்டர் வேண்டும். அந்த வட்டாரத்தின் கம்பிகளை நிர்வகிக்கும் நிறுவனத்துக்குத் தகவல் போயிருக்க வேண்டும். சிறிய அமைப்பானால் பொருத்திய 28 நாளுக்குள், பெரியதானால் முன்கூட்டியே அனுமதி. இதையெல்லாம் தகடு பொருத்துகிறவர் செய்து முடித்தாரா என்று, கடைசிப் பணம் கொடுக்கும் முன் கேட்டுவிட வேண்டும். மனு தாமதமாகும் நாளெல்லாம் மின்சாரம் இலவசமாகப் போய்க்கொண்டிருக்கும்.

சர்க்கார் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்கிறார்கள். வெயிலும் காற்றும் மிகுந்த நாளிலே மொத்தச் சந்தையில் விலை விழுகிறது. சில மணி நேரம் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகிறது. அந்த நேரத்திலும் வீட்டுக்காரர் கையிலிருந்து பணம் கேட்கக் கூடாது என்பதற்கே “பூஜ்யத்துக்கு மேலே” என்ற விதி என்கிறார்கள். இருக்கட்டும். விலை விழும்போது காக்கிற விதி, விலை ஏறும்போது ஏன் வாய் திறப்பதில்லை? மொத்தச் சந்தையின் விலை அரை மணிக்கு அரை மணி பதிவாகிறது. அதிலே இத்தனை பங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுவதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. கடன் வாங்கித் தகடு வைத்த குடும்பம் கேட்பது மானியமல்ல. விற்ற சரக்குக்கு விலை. அந்த ஒரு வரியை எழுதும் வரையில், தம்முடைய கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் இந்த மாதப் பில்லையே எடுத்துப் பார்க்கட்டும்.