வகுப்பில் தூங்கும் பிள்ளை சோம்பேறியா?

செஞ்சியை அடுத்த சிங்கவரத்தில், குன்றைக் குடைந்த கோயிலில் அரங்கநாதப் பெருமாள் பல நூற்றாண்டுகளாகப் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் தூக்கத்தை யாரும் குறை சொல்வதில்லை. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளை வகுப்பில் கண்ணயர்ந்தால் மட்டும் ‘மந்தம்’, ‘சோம்பேறி’ என்று பட்டம் கட்டிவிடுகிறோம்!

பகலில் தூங்கும் பிள்ளையிடம் இராத்திரியைப் பற்றியல்லவா கேட்க வேண்டும்? 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். அது கிடைக்காத பிள்ளை எப்போதும் தூங்கி வழியும் என்பதில்லை. பெரியவர்கள் சோர்ந்து போவோம். சிறுபிள்ளையோ நிலைகொள்ளாமல் அலையும், அடம் பிடிக்கும், பாடத்தில் மனம் நிற்காது. ‘வால்’ என்று அதற்கும் அடி விழுகிறது.

குறட்டையைப் பாருங்கள். “அப்பனைப் போலவே” என்று சிரித்துவிட்டுப் போகிறோம். சளி பிடித்த நாலு நாள் குறட்டை விட்டால் பாதகமில்லை. வாரத்தில் பாதி இராத்திரி குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கி, இடையில் மூச்சு நின்று திணறி விழித்தால், தொண்டைச் சதையோ மூக்குக்குப் பின்னாலுள்ள சதையோ பெருத்துக் காற்று வழியை அடைத்திருக்கலாம். நின்றுபோன பிறகு மறுபடியும் படுக்கையை நனைப்பதும் ஓர் அறிகுறி. மந்திரித்துக் கயிறு கட்டி இது தீராது. காது, மூக்கு, தொண்டை டாக்டர் பார்க்க வேண்டும். கால் குடைகிறதென்று புரளும் பிள்ளைக்கு இரும்புச் சத்து குறைந்திருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல் இரத்த சோகை உள்ளவர்கள்.

கைப்பேசியும் தூக்கத்தைத் தின்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் செங்கல் சூளைக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் வீட்டில் தூக்கத்தைத் தின்பது கைப்பேசியா? வெயிலுக்குப் பயந்து நடுநிசிக்குப் பிறகு கல் அறுக்கத் தொடங்குகிறார்கள். தாயும் தகப்பனும் எழுந்தால் பிள்ளையும் எழுகிறது. ஈரக்கல்லைப் புரட்டிப் போடுகிறது. 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைக்கக் கூடாதென்று 2016-ல் சட்டம் திருத்தப்பட்டது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசும்போது, பேரேட்டில் ஏறாத அந்தப் பிஞ்சுக் கையும் வேலை செய்துதானே தீருகிறது?

2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கொரு முறை பரிசோதிக்க வேண்டும். உயரமும் எடையும் பார்க்கும்போதே, “குறட்டை உண்டா? எத்தனை மணிக்குப் படுக்கிறாய், எத்தனை மணிக்கு எழுகிறாய்?” என்றும் கேட்டு எழுதட்டும். இதற்குக் காலணா செலவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்திலேயே பெற்றோர்கள் இதைக் கோரித் தீர்மானம் போட வேண்டும்.