ஒரு கதைக்கு இரண்டு பேனா

ஒரே குழம்புக்கு இருவர் உப்புப் போட்டால் என்ன ஆகும் என்பது தாய்மார்களுக்குத் தெரியும். ஒரே நாவலை இருவர் எழுதினால் என்ன ஆகும்?

எழுதலாம். நன்றாகவே எழுதலாம். துப்பறியும் கதை படிக்கும் தமிழ் வாசகர்களுக்கு "சுபா" என்ற பெயர் தெரிந்திருக்கும். அது ஒரே ஆளின் பெயர் அல்ல. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்து வைத்துக்கொண்ட பெயர்.

ஆனால், வேலையை எப்படிப் பங்கு போடுவது? சிக்கல் இங்கேதான் இருக்கிறது. பங்கு சரியில்லாவிட்டாலும் கதை நன்றாக வந்துவிடும். எழுதியவர்களின் மனம்தான் புண்ணாகும். அமெரிக்காவில் அப்படித்தான் நடந்தது.

கருவும் எழுத்தும்

பிரடெரிக் டானே, மான்பிரட் லீ இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 1905-ம் ஆண்டில் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் பிறந்தவர்கள். டானே விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தார். லீ, சினிமாப் படங்களுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தார்.

ஒரு பத்திரிகை துப்பறியும் நாவல் போட்டி வைத்தது. பரிசு 7,500 டாலர். இருவரும் சேர்ந்து ஒரு நாவல் எழுதி அனுப்பினார்கள். "பரிசு உங்களுக்குத்தான்" என்று தகவலும் வந்தது. அதற்குள் பத்திரிகை கை மாறியது. பரிசு வேறு ஒருவருக்குப் போய்விட்டது!

ஆனாலும் 1929-ல் நாவல் புத்தகமாக வந்தது. அட்டையில் "எல்லரி குயின்" என்ற பெயர் இருந்தது. கதையில் வரும் துப்பறிபவரின் பெயரும் அதுவே. இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் வாசகர்கள் மறக்க மாட்டார்கள் என்பது அவர்கள் போட்ட கணக்கு. கணக்குப் பலித்தது. உலகமெங்கும் அந்தப் பெயர் பரவியது. மேடையில் பேசப் போனால் முகமூடி போட்டுக்கொண்டு போவார்கள்.

யார் எந்த வேலையைச் செய்கிறார் என்பதை இருவரும் பல ஆண்டுகள் வெளியே சொல்லவே இல்லை. உண்மை இதுதான். கொலை, தடயம், முடிச்சு, அது அவிழும் விதம் எல்லாவற்றையும் டானே யோசித்து விரிவாக எழுதிக் கொடுப்பார். அதற்கு உயிர் கொடுத்து நாவலாக எழுதுவது லீயின் வேலை.

பின்னாளில் லீ கலிபோர்னியாவில் இருந்தார். டானே நியூயார்க் பக்கம் இருந்தார். கதைச் சுருக்கம் தபாலில் போகும். கூடவே சண்டையும் போகும். "இப்படியும் ஒரு மனிதன் நடந்துகொள்வானா? யார் நம்புவார்கள்?" என்பது லீயின் குறை. "நான் கொடுத்ததை மாற்றிக் கெடுக்கிறாய்" என்பது டானேயின் குறை. அந்தக் கடிதங்கள் 2012-ல் புத்தகமாகவே வந்துவிட்டன. படித்தால் மனம் கனக்கிறது.

இருவர் மீதும் குற்றம் சொல்வதற்கில்லை. குற்றம் பங்கு போட்ட விதத்தில் இருக்கிறது. ஒருவர் வீட்டுக்கு வரைபடம் போட்டார். மற்றவர் கட்டினார். வீடு அழகாக அமைந்தால் பெருமை யாருக்கு? வரைந்தவருக்குச் செங்கல் தூக்கும் பாடு தெரியாது. கட்டியவருக்கோ, தாம் வெறும் கூலியாள் ஆகிவிட்டோமோ என்ற எரிச்சல்.

சண்டை போட்டதால்தான் கதை சிறந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சண்டை முற்றியிருந்த நேரத்தில், 1949-ல் வந்த "கேட் ஆப் மெனி டெய்ல்ஸ்" அவர்களுடைய மிக நல்ல நாவல்களில் ஒன்று என்பது உண்மைதான். ஆனால், லீ பட்ட பாட்டையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா? 1960-க்குப் பிறகு சில ஆண்டுகள் அவருக்கு எழுத்தே ஓடவில்லை. டானே கொடுத்த சுருக்கத்தை வைத்து வேறு எழுத்தாளர்கள் நாவல் எழுதினார்கள். அட்டையில் மட்டும் அதே எல்லரி குயின்!

பிள்ளைகள் தூங்கிய பிறகு

ஸ்வீடன் நாட்டில் இன்னொரு ஜோடி இருந்தது. மாய் ஷோவால் என்ற பெண்மணி, அவருடைய வாழ்க்கைத் துணைவர் பெர் வாலோ. இவர்கள் பங்கு போட்ட விதமே வேறு.

ஒரு முறை இருவரும் கால்வாயில் படகுப் பயணம் போனார்கள். படகில் ஒரு பெண் தனியாக நின்றாள். வாலோ அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஷோவால் கவனித்துவிட்டார். இந்தப் பெண்ணைக் கொன்றே நம் கதையைத் தொடங்கலாமே என்றாராம்! அப்படிப் பிறந்ததுதான் "ரோசன்னா" என்ற முதல் நாவல். 1965-ல் வெளிவந்தது. கால்வாயைத் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் பிணம் கிடைப்பதில் கதை தொடங்குகிறது. துப்பறியும் போலீஸ் அதிகாரியின் பெயர் மார்ட்டின் பெக்.

முதலில் இருவரும் பேசிப் பேசிக் கதை முழுவதையும் முடிவு செய்வார்கள். பிறகு, இரவில் பிள்ளைகள் தூங்கியதும், ஒரே மேஜையில் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் முதல் அத்தியாயத்தை எழுதினால், அதே நேரத்தில் மற்றவர் இரண்டாம் அத்தியாயத்தை எழுதுவார். மறுநாள் இரவு தாள்களை மாற்றிக்கொள்வார்கள். அவர் எழுதியதை இவர் திருத்துவார். இவர் எழுதியதை அவர் திருத்துவார்.

அவர் நடையும் வேண்டாம், இவர் நடையும் வேண்டாம் என்று முன்பே பேசி வைத்துக்கொண்டார்கள். யாரும் படிக்கக்கூடிய எளிய நடை ஒன்றை இருவருமாக உண்டாக்கினார்கள். ஒரு நாவலுக்கு 30 அத்தியாயம். மொத்தம் 10 நாவல்கள். எந்த வரி யாருடையது என்று வாசகரால் கண்டுபிடிக்க முடியாது.

இந்த முறையே மேலானது. இங்கே இருவருமே வரைந்தார்கள்; இருவருமே செங்கல் தூக்கினார்கள். ஆனால், இது எளிது என்று யாரும் நினைக்கக்கூடாது. கண் விழித்து எழுதிய வரியை எதிரே இருப்பவர் அடிக்கும்போது பொறுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பருப்பு வேகவில்லை என்று சொன்னாலே முகம் வாடுகிறவர்கள் எத்தனை பேர்!

லீ 1971-ல் இறந்தார். அதன் பிறகு டானே 1982 வரை உயிரோடு இருந்தும், எல்லரி குயின் நாவல் ஒன்றுகூட எழுதவில்லை. வாலோ 1975-ல் காலமானார். பத்தாவது நாவல் வந்ததும் அதே ஆண்டில்தான். ஷோவால் 2020 வரை வாழ்ந்தார். மார்ட்டின் பெக்கை வைத்துப் பதினோராவது நாவல் எழுத அவர் பேனாவை எடுக்கவே இல்லை.