ஏற்காட்டுப் பிள்ளைக்குக் குற்றவியலும் கணினியும் எதற்கு?

ஏற்காட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து மேற்படிப்புக்குச் சேலம் இறங்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: கம்ப்யூட்டர் எடு, வேலை கிடைக்கும். குற்றவியலையும் தகவல் தொழில்நுட்பத்தையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றால், ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று தடுத்துவிடுகிறார்கள். அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றுகூட எனக்கு முழுமையாக ஏற்புடையதாக இல்லை.

சைபர் குற்றத்துக்குக் கணினி அறிவே போதும் என்பது முதல் காரணம். 2004-ல் சென்னையில் நடந்த ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்லும். விவாகரத்தான ஒரு பெண்ணைப் பற்றி யாஹூ குழுவில் ஆபாசச் செய்திகள் போடப்பட்டன. அவர் பெயரிலேயே போலி மின்னஞ்சல் கணக்கும் உருவானது. அதை நம்பி அந்நியர்கள் அவருக்குப் போன் செய்து தொல்லை கொடுத்தார்கள். பிப்ரவரியில் புகார், நவம்பர் 5-ல் எழும்பூர் நீதிமன்றத்தின் தண்டனை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவில் நாட்டின் முதல் தண்டனை என்று அதைச் சொல்வார்கள். ஐ.பி. முகவரி ஓர் இணைப்பைக் காட்டும். விசைப்பலகைக்கு முன்னால் இருந்த ஆளைக் காட்டாது. இங்கே அந்த ஆள் குடும்பத்துக்குத் தெரிந்தவர், அந்தப் பெண்ணை மணக்க விரும்பி நிராகரிக்கப்பட்டவர். பிரௌசிங் சென்டர் நடத்தியவர்களும் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பகையையும் கணினித் தடத்தையும் ஒன்றாக வைத்துப் பார்த்ததால்தான் வழக்கு நின்றது.

குற்றவியல் வெறும் ஏட்டுப் படிப்பு என்கிறார்கள். மலைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்றும் கேட்கிறார்கள். கோஹன், ஃபெல்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள்: குற்றம் செய்யத் துணிந்தவன், கைக்கு எட்டும் இலக்கு, தடுக்கும் காவல் இல்லாமை ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடினால் குற்றம் நடக்கும். இதை மே மாத ஏற்காட்டில் வைத்துப் பாருங்கள். கோடை விழா நெருங்குகிறது, அறை கிடைப்பது அரிது, பெங்களூரில் இருக்கும் குடும்பத்துக்கு அவசரம். எங்கோ இருப்பவன் ஒரு விடுதியின் படங்களைத் திருடி போலி இணையதளம் திறந்து முன்பணம் வாங்கினால், விடுதிக்காரருக்குக்கூடத் தெரியாது. சுற்றுலா முன்பதிவை வைத்து நடக்கும் இத்தகைய மோசடிகளைப் பற்றி மத்திய உள்துறை அமைச்சகத்தின் சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2025-ல் எச்சரித்தது. பணத்தை அனுப்புபவர் தன் கையாலேயே ரகசிய எண்ணைப் போட்டு அனுப்புகிறார். ஃபயர்வாலுக்கு அங்கே வேலையே இல்லை. தளம் எந்தத் தேதியில் பதிவானது, பணம் எந்தக் கணக்குகள் வழியாக ஓடியது என்று தேடத் தொழில்நுட்பம் வேண்டும். அடுத்த கோடைக்கு முன் எந்த இடத்தில் தடை போடலாம் என்று யோசிக்கக் குற்றவியல் வேண்டும்.

இரண்டும் அரைகுறையாகும் என்ற அச்சத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு. மென்பொருள் எழுதுவதே ஆசை என்றால் முழுக்கக் கணினி அறிவியலே படிக்கட்டும். ஆனால் விசாரணைக்கும் நீதிமன்றத்துக்கும் இடையில் நிற்பவருக்கு வேறு ஆழம் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-வது பிரிவு, மின்னணு ஆவணத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் ஆவணத்தைத் தருபவர் ஒரு பகுதியையும் நிபுணர் மறு பகுதியையும் நிரப்ப வேண்டும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு ஏன் மாறிவிடும் என்று நீதிபதிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். கணினி மட்டும் தெரிந்தவர் சட்டத்தில் தடுமாறுவார், சட்டம் மட்டும் தெரிந்தவர் ஹாஷில் தடுமாறுவார்.

கடைசியாக வேலை. இந்தப் பட்டம் நேரே காக்கிச் சட்டையைத் தந்துவிடாது. சார்பு ஆய்வாளர் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். ஆனால் மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்காணிக்க வங்கிகளுக்கும் பணப் பரிமாற்ற நிறுவனங்களுக்கும் ஆள் வேண்டும். தடயவியல் ஆய்வகங்களுக்கும் வேண்டும். படிக்க வடக்கே போகவும் தேவையில்லை. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறை சைபர் தடயவியலிலும் தகவல் பாதுகாப்பிலும் முதுநிலைப் படிப்பு நடத்துகிறது. சைபர் குற்றவியலுக்கென்றே ஒரு சர்வதேச ஆய்விதழை 2007-ல் தொடங்கிய கே. ஜெய்சங்கர், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர்.

மோசடியில் பணம் போனதும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைத்தால், கை மாறுவதற்குள் அதை முடக்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அந்த வாய்ப்பு குறையும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்தில் ஆள் தேடும் நேரம் ஏமாந்த எஸ்டேட் தொழிலாளிக்குக் கிடையாது. எந்த எண்ணை அழைப்பது, எந்த ஸ்கிரீன்ஷாட்டை அழிக்காமல் வைப்பது என்று அவர் மொழியிலேயே சொல்லித்தர, இவ்விரண்டும் படித்த ஒருவர் அந்த மலையிலேயே இருக்கட்டும்.