எண்ணூரார் செலுத்தும் விலை

பெட்ரோல் எனப்படும் கன்னெய்க்கு நாம் தரும் விலையில் எண்ணெய் எடுத்த செலவு, தூய்வித்த கூலி, அரசின் வரி, விற்பவர் பங்கு யாவும் அடக்கம். எண்ணூர் மீனவர் இழந்த வலையின் விலை மட்டும் அதில் இல்லை.

2017 சனவரி 28-இல் எண்ணூர்த் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதின. கொட்டிய எரிநெய் சென்னைக் கரையில் களிபோற் படிந்தது. பெருமளவும் மாந்தர் கைகளாலும் வாளிகளாலுமே அஃது அள்ளப்பட்டது. 2023 திசம்பரில் மிக்சாம் புயல் வெள்ளத்தோடு, மணலித் தூய்விப்பாலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்திற் பரவியது. படகும் வலையும் கருத்தன. கூழைக்கடாக்களின் இறகுகளில் நெய் ஒட்டியது. மீன்பிடி தொழில் நின்றது.

மோதல் தற்செயல் எனலாம். வெள்ளம் இயற்கை எனலாம். ஆயின், ஊர்திகள் கன்னெய்யையே உண்ணுமட்டும் கப்பலும் குழாயும் ஆலையும் அதனைச் சுமந்தே தீரும். ஏதேனும் ஒரு கரையில் ஒழுக்கும் நேர்ந்தே தீரும். அக்கரையில் வாழ்வோரோ பெரும்பாலும் மகிழுந்து இல்லாதவர்! ஓட்டுவோன் ஒருவன், விலை கொடுப்போன் மற்றொருவன். இஃது எவ்வகை அறம்?

இழப்பீடு என்பது ஒருமுறை வீசும் கொடையன்று. ஒழுக்கியவரே துப்புரவுச் செலவையும், மீன்வளம் மீளும்வரை மீனவர்தம் வருவாய் இழப்பையும் முழுமையாய் ஏற்றல் வேண்டும். அரசு, பேருந்தையும் தொடர்வண்டியையும் பெருக்கி எண்ணெய்த் தேவையைக் குறைத்தல் வேண்டும். மறைத்துவைத்த விலையும் விலையே. அதனைக் கணக்கில் எழுதாத நாடு, ஏழையின் உண்கலத்தில் கைவைத்தே வண்டி ஓட்டுகின்றது.