அறிவுரை சொல்லாத கூட்டம்

கணவர் குடிநோயாளி என்றால் அந்த வீட்டு மனைவியின் நாள் எப்படிப் போகும் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். சட்டைப் பையைத் துழாவிப் பணத்தை எண்ணுவாள். வேலையிடத்துக்குப் போன் செய்து அவருக்குக் காய்ச்சல் என்பாள். கந்துவட்டிக் கடனைத் தாலிக்கொடியை வைத்து அடைப்பாள். இரவில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை வாசலையே பார்த்திருப்பாள். அவர் குடிக்காத நாள் அவளுக்கு நல்ல நாள், குடித்த நாள் கெட்ட நாள். தனக்கென்று ஒரு நாளே இல்லாமல் போய்விடுகிறது. இப்படி இன்னொருவரின் நோயைச் சுமந்து, மறைத்து, திருத்த முயன்று தன்னையே தொலைத்துவிடும் நிலைக்கு ஆங்கிலத்தில் கோடிபென்டென்சி என்று பெயர். தமிழில் இணைசார்பு எனலாம். மனைவிக்கு மட்டும் வருவதல்ல இது. பிள்ளையின் கடனைக் கடைசிவரை கட்டும் தாய்க்கும், அப்பாவின் மனநிலையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த மூத்த மகளுக்கும் வரும். இவர்கள் மீள உதவும் சகக் குழுக்கள் உலகெங்கும் உள்ளன. அந்தக் குழுக்களின் விதிகளில் நமக்கு மிக அந்நியமாகத் தோன்றும் ஒன்றுதான் நமக்கு மிகத் தேவையானது என்பது என் கருத்து. அங்கே யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது.

1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகளுக்காக ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) பிறந்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சனின் மனைவி லோயிஸ், தோழி ஒருவருடன் சேர்ந்து குடிநோயாளிகளின் குடும்பத்தினருக்காக 1951இல் அல்-அனானை அமைத்தார். குடித்தவர் தெளிந்த பிறகும் குடும்பத்தின் காயம் தானாக ஆறிவிடுவதில்லை என்பதை லோயிஸ் தன் வீட்டிலேயே கண்டிருந்தார். 1986இல் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரில் கோ-டிபென்டென்ட்ஸ் அனானிமஸ் தொடங்கியது. வீட்டில் குடிநோயாளி இருந்தால்தான் சேரலாம் என்பதில்லை. நலமான உறவு வேண்டும் என்ற விருப்பம் இருந்தாலே போதும். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, ஏ.ஏ. 1950இல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்ற பன்னிரண்டு மரபுகள். பெயர் வெளியில் போகாது. கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் விரும்பித் தருவதைத் தவிர வெளிப்பணம் வாங்குவதில்லை. நிரந்தரத் தலைவர் இல்லை, பொறுப்புகள் முறைவைத்து மாறும். அரசியலிலோ பொது விவாதங்களிலோ குழு கருத்துச் சொல்லாது. இவற்றோடு கூட்டங்களில் வழக்கத்தால் நிலைபெற்ற விதி ஒன்றும் உண்டு. ஒருவர் பேசும்போது குறுக்கிடக் கூடாது, பேசி முடித்த பின் அதற்குத் தீர்ப்போ தீர்வோ சொல்லக் கூடாது. அவரவர் தன்னைப் பற்றி மட்டுமே பேச வேண்டும்.

இது வெறும் கூட்ட ஒழுங்கு இல்லை, மருந்தே இதுதான். அடுத்தவர் வாழ்க்கையைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதுதான் இணைசார்பின் வேர். அப்படிப்பட்ட பத்துப் பேரை ஓர் அறையில் உட்கார வைத்தால் என்ன நடக்கும்? ஒருத்தி அழத் தொடங்கியதும் மற்ற ஒன்பது பேரும் அவளைக் காப்பாற்றப் புறப்படுவார்கள். நகையைத் திருப்பிக் கேள், மாமனாரிடம் சொல், இன்ன கோயிலுக்குப் போ என்பார்கள். வீட்டில் செய்துவந்ததை இங்கும் செய்வார்கள், நோய்க்குப் புது ஆள் கிடைத்ததுதான் மிச்சம். அழுகிற ஒருத்தியை அழவிட்டு, அவள் தன் வழியைத் தானே காண்பாள் என்று நம்பிப் பேசாமல் இருப்பது அவர்களுக்கு மிகக் கடினம். அந்தக் கடினமான பயிற்சியைத்தான் குழு வாரந்தோறும் தருகிறது. பேசுகிறவளுக்கும் இது புது அனுபவம். பிறந்த வீடு பொறுத்துக்கொள் என்றது, தோழி விட்டுவிட்டு வா என்றாள். இரண்டில் எதைச் செய்தாலும் அது இன்னொருவரின் முடிவு. தான் சொல்வதை யாரும் திருத்தாமல் கேட்ட முதல் இடம் இந்த அறையாக இருக்கலாம்.

பெயர் சொல்லாமையும் இப்படித்தான். நம் ஊரில் குடும்ப மானம் பெரும்பாலும் பெண்ணின் வாயில் பூட்டாகத் தொங்குகிறது. இங்கே பேசியது வெளியே போகாது என்ற உறுதி கிடைத்தால்தான் அந்தப் பூட்டு திறக்கும். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களே இருக்கின்றனவே, அவற்றிலேயே இதையும் சேர்த்துவிடலாமே என்று தோன்றலாம். அந்தக் குழுக்கள் பெண்களுக்குச் செய்திருக்கும் நன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அங்கே கடன் உண்டு, கணக்கேடு உண்டு, ஒரே தெருவின் பெண்கள் ஒருவருக்கொருவர் பொறுப்பு. கணவர் மறுபடி குடிக்கத் தொடங்கிவிட்டார் என்று அங்கே சொல்லும் பெண், தவணை கட்டுவாளா என்ற சந்தேகத்தையும் சேர்த்துச் சம்பாதிப்பாள். அதற்கு வேறு அறை வேண்டும்.

இதனால் பலன் உண்டா என்று கேட்பது நியாயம். 1999இல் மில்லர், மேயர்ஸ், டோனிகன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள், குடிநோய்க்குச் சிகிச்சை பெற மறுப்போரின் உறவினர் 130 பேரை மூன்று பிரிவாக்கி ஒப்பிட்டார்கள். குடிப்பவரைச் சிகிச்சைக்கு இணங்க வைக்கும் உத்திகளைக் குடும்பத்துக்குக் கற்றுத்தரும் 'கிராஃப்ட்' முறையில் 64 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வந்தார்கள். குடும்பமே கூடி அவரை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் முறையில் 30 விழுக்காடு. அல்-அனான் வழியில் ஆற்றுப்படுத்திய பிரிவில் 13 விழுக்காடுதான். குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கிராஃப்டே மேல். அதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் அதே ஆய்வில் உறவினர்களின் மனநலமும் உறவின் தரமும் மூன்று பிரிவிலும் ஒரே அளவில் மேம்பட்டன. குடிப்பவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவள் மீள முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. குழு வாக்களிப்பதும் அதை மட்டும்தான். கணவரைத் திருத்தித் தருவதாக எந்தக் குழுவாவது சொன்னால் அங்கே போகாதீர்கள்.

இணைசார்பு என்ற சொல்லே பெண்ணைக் குற்றவாளியாக்குகிறது என்று பெண்ணிய ஆய்வாளர்கள் எதிர்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் பெரும் உண்மை உண்டு. குடிப்பது அவர், நோயாளி என்ற பட்டம் இவளுக்கா? உளநோய்களின் அதிகாரப்பூர்வப் பட்டியல்களில் இணைசார்பு தனி நோயாக இடம்பெறவும் இல்லை. இந்தக் குடும்பத்தினர் நோயாளிகள் அல்லர், தாங்க முடியாத நெருக்கடியில் தங்களால் இயன்றதைச் செய்யும் சாதாரண மனிதர்கள் என்கிறார் பிரிட்டிஷ் உளவியலாளர் ஜிம் ஆர்ஃபோர்ட். நானும் அப்படியே நினைக்கிறேன். குழுவுக்குப் பட்டம் தேவையில்லை, களைப்பு ஒன்றே போதுமான தகுதி. அன்பும் கடமையும் நம் குடும்பத்தின் அச்சாணி அல்லவா என்ற கேள்வியும் வரும். ஆம். ஆனால் காய்ச்சலில் கிடப்பவருக்குக் கஞ்சி வைப்பதும், போதையில் வராதவருக்காக அலுவலகத்தில் பொய் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது அவரைத் தேற்றுகிறது, பின்னது அவர் குடியைத் தாங்கிப் பிடிக்கிறது.

அடி விழும் வீட்டில் மட்டும் இந்த விதிகள் போதா. உயிருக்கு ஆபத்து என்று ஒருத்தி சொல்லும்போது அறிவுரை சொல்லக் கூடாது என்று மௌனம் காப்பது தவறு. 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும் ஒவ்வொரு கூட்டத்தின் சுவரிலும் எழுதியிருக்க வேண்டும். இக்குழுக்கள் மீட்சிக்காகப் பின்பற்றும் பன்னிரண்டு படிகளில் வரும் கடவுள் பேச்சு பிடிக்காதவர்கள், தம்மைவிட மேலான ஆற்றல் என்றும் அவரவர் புரிந்துகொண்ட கடவுள் என்றும் அவை சொல்வதைக் கவனிக்கலாம். அதுவும் வேண்டாம் என்பவர்கள் கேட்பதற்கு மட்டும் வந்து உட்காரலாம்.

எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைக்கிறது. மீதி 37 பேரின் குடும்பங்கள் மருத்துவமனை வாசலைப் பார்க்கவே வாய்ப்பில்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை குடும்பத்தினருக்கெனத் தனிச் சிகிச்சைத் திட்டமே வைத்திருக்கிறது. அல்-அனான் கூட்டங்களும் தமிழ்நாட்டில் நடக்கின்றன. ஆனால் சிற்றூர்ப் பெண்ணுக்கு அவை எட்டாத் தொலைவு. ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் வாரத்தில் ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஓர் அறையைக் குடும்பத்தினருக்குத் திறந்துவிடட்டும். வருகைப் பதிவேடு வேண்டாம், அதிகாரி தலைமை வேண்டாம், உரை வேண்டாம். சில நாற்காலிகளும் சாத்திக்கொள்ள ஒரு கதவும் போதும்.