பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைபட்ட ஆட்டக்காரர்கள்

2022 ஆகஸ்டில், மிக்கி மேன்டில் என்னும் அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரரின் படம் அச்சிட்ட அட்டை ஒன்று 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 1952இல் டாப்ஸ் என்ற சூயிங் கம் நிறுவனம் சிறுவர்களுக்காக வெளியிட்ட அட்டை அது. இத்தகைய விலைகளைச் சுட்டிக்காட்டி, பழைய அட்டைகளைப் பங்குச்சந்தைக்கு மாற்றாக முன்வைக்கிறார்கள் சிலர். ஆசைக்காகச் சேர்ப்பவர் அப்பாவி, முதலீடாகச் சேர்ப்பவரே விவரமறிந்தவர் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதை நாம் முற்றாக மறுக்கிறோம்.

அந்த விலை எங்கிருந்து வந்தது? விற்காமல் தேங்கிய 1952ஆம் ஆண்டு அட்டைகளை 1960இல் படகில் ஏற்றிச் சென்று அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அவற்றை வடிவமைத்த சை பெர்கர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். வாங்கிய பிள்ளைகளோ அவற்றைச் சுண்டி விளையாடினார்கள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் படபடக்கச் செருகினார்கள். மிஞ்சியதை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். எவரும் முதலீடாகக் கருதாததால்தான் அவை அரிதாயின. எல்லோரும் முதலீடாகக் கருதிய காலமும் வந்தது. 1980களின் பிற்பகுதியில் பெட்டி பெட்டியாக வாங்கி, உறை பிரிக்காமல் அடுக்கி வைத்தார்கள். நிறுவனங்களும் சளைக்காமல் அச்சடித்துத் தள்ளின. அவற்றில் பெரும்பாலானவற்றை இன்று சீந்துவாரில்லை. அக்கால அட்டைகளுக்கு அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் வைத்திருக்கும் பெயரே ‘குப்பை மெழுகு’ என்பதுதான். (அன்றைய உறைகள் மெழுகுத்தாளால் ஆனவை.)

முதலீட்டாளருக்கு அட்டை போதாது, மதிப்பெண் வேண்டும். மூலை மழுங்கியிருக்கிறதா, படம் நடுவில் அமைந்திருக்கிறதா என்று ஆராய்ந்து 1 முதல் 10 வரை எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் மூடி முத்திரையிட்டுத் தருவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. முதற்பதிப்பு நூல் ஒன்றைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி வைத்து, அதன் மூலைகளைப் பற்றிப் பெருமை பேசுபவரை நாம் வாசகர் என்று அழைப்போமா?

அந்த எண்ணாவது நம்பத்தக்கதா? சிகரெட் பெட்டிகளில் 1909 முதல் 1911 வரை வந்த டி206 வரிசையில் ஹோனஸ் வாக்னர் அட்டை மிக அரிது. அதன் பிரதி ஒன்றை, ஐஸ் ஹாக்கி வீரர் வேய்ன் கிரெட்ஸ்கி 1991இல் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து 4,51,000 டாலருக்கு வாங்கினார். தரமதிப்பீட்டு நிறுவனமான பி.எஸ்.ஏ. எண் கொடுத்த முதல் அட்டையும் அதுவே. கிடைத்த மதிப்பெண் 8. விளிம்பு கத்தரிக்கப்பட்ட அட்டைக்கு எண்ணே கொடுக்கக் கூடாது என்பது விதி. அதன் விளிம்புகளைக் கத்தரித்தது தாம்தான் என்று, அதை முன்பு விற்ற ஏலக்காரர் 2013இல் ஒப்புக்கொண்டார்.

அவசரத்துக்கு அட்டையை விற்பவரை நாம் குறை கூறவில்லை. ஆனால், முதலீட்டாளர் இல்லையேல் இவை அழிந்தே போயிருக்கும் என்ற வாதத்தை மட்டும் பொறுக்க முடியவில்லை. அப்படிச் சொல்பவர்கள் ஜெஃபர்சன் பர்டிக்கை அறியாதவர்கள். சிராக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மூட்டுவாத நோயாளி. விளம்பரச் சீட்டுகள், அஞ்சலட்டைகள் என 3 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத்துணுக்குகளைச் சேர்த்தார். பேஸ்பால் அட்டைகள் மட்டுமே சுமார் 30,000. இன்று ஏலக்காரர்கள் உச்சரிக்கும் ‘டி206’ என்ற குறியீடு அவர் தயாரித்த பட்டியலிலிருந்து வந்ததுதான். சேர்த்தவை அனைத்தையும் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளித்தார். நோய் முற்றிய நிலையிலும் அங்கேயே அமர்ந்து, தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் அந்த வேலையை முடித்தவர், மார்ச்சில் காலமானார்.

ஆம், பசை தடவித்தான் ஒட்டினார். தரமதிப்பீட்டாளரின் கணக்கில் அது சேதம். அந்தச் சேகரிப்பில் ஒரு வாக்னரும் இருக்கிறார்.