ஷட்ஜத்தைப் பிளக்கும் பெட்டிகள்

தரையும் சன்னல் கம்பியும் அதிர்ந்தால்தான் ஸ்பீக்கர் தரமானது, வாட்ஸ் கூடக் கூட இசை துலங்கும், ஆகவே கர்நாடக சங்கீதம் கேட்பதற்கும் சப்வூஃபருடன் வரும் ஹோம் தியேட்டர் செட்டே ஏற்றது என்னும் எண்ணம் மதுரைக் கடைகளில் விற்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. திருப்பரங்குன்றத்தைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் அமைந்த திருநகர் போன்ற குடியிருப்புகளில், மாலை வேளையில் மதுரை மணி ஐயரைக் கேட்பதற்கென்றே வாங்கப்படும் பெட்டிகளும் இந்த அளவுகோலாலேயே அளக்கப்படுகின்றன. சினிமாவின் வெடிச்சத்தத்துக்கு ஏற்ற அந்த அளவுகோல், எந்தக் குரலுக்காகப் பணம் செலவிடப்பட்டதோ அந்தக் குரலையே கெடுத்துவிடுகிறது.

கெடுவது எவ்வாறு என்பதைச் சுருதியிலிருந்தே விளக்கலாம். ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சுருதியைக் குறிக்கும் வழக்கில், ஒரு கட்டையில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் நொடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள், அதாவது 131 ஹெர்ட்ஸ். அவர் மந்தர பஞ்சமத்துக்கு இறங்கும்போது அது 98 ஆகிறது. மலிவான ஹோம் தியேட்டர் செட்டின் ஐந்து குட்டிப் பெட்டிகளுக்குள் இருக்கும் மூன்று அங்குலக் கூம்புகளால் இவ்வளவு கீழே இறங்க இயலாது என்பதால், 150 ஹெர்ட்ஸ் வரையிலோ அதற்கு மேலுமோ உள்ள ஒலியைச் சப்வூஃபரே சுமக்க வேண்டியிருக்கிறது. விளைவாக, பாடகரின் ஷட்ஜத்துக்கு அடித்தளமான அதிர்வு சோபாவுக்குப் பக்கத்திலிருந்தும், அதே ஷட்ஜத்தின் மேல்சுரங்கள், அதாவது குரலுக்கு அடையாளம் தரும் மடங்கு அதிர்வுகள், டிவிக்குப் பக்கத்திலிருந்தும் வருகின்றன. ஒரு தொண்டையில் பிறந்த நாதத்தை இரண்டாகப் பிளந்து தரும் கருவிக்குக் கூடுதல் விலை கொடுப்பதை விவேகம் என்று சொல்வதற்கில்லை.

மிருதங்கத்துக்காவது சப்வூஃபர் வேண்டுமே என்பது வழக்கமாக வரும் மறுப்பு. வலப்பக்கமான வலந்தலையில் பூசப்படும், சோறு எனப்படும் கரிய பசையால் அதன் மேல்சுரங்கள் முறையான மடங்குகளாக அமைகின்றன என்பதை சி. வி. ராமன் 1920இலேயே எடுத்துக்காட்டினார். அந்த நயம் முழுவதும் சப்வூஃபரின் எல்லைக்கு மேலே இருப்பது. ரவை அப்பிய இடப்பக்கமான தொப்பியின் ஆழ்ந்த ஒலியும் வெறும் தும் அன்று. உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி வாசிப்பவர் கும்கி கொடுக்கும்போது அந்த ஒலி வளைந்து ஏறுகிறது. ஒரே சுரத்தில் முழங்கும் பெட்டியில் அந்த வளைவு மறைந்து, கதவைத் தட்டும் சத்தமே மிஞ்சுகிறது.

1968இல் மறைந்த மணி ஐயரின் பாட்டு இன்று பெரும்பாலும் பழைய கச்சேரி ஒலிநாடாக்கள், வானொலிப் பதிவுகள் வழியாகவே கேட்கப்படுகிறது. அவற்றின் அடிமட்டத்தில் இருப்பது சங்கீதத்தைவிட இரைச்சலே மிகுதி. குறிப்பாக, நம் நாட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல். சப்வூஃபர் மிக விசுவாசமாக உருப்பெருக்குவது அதைத்தான். போதாக்குறைக்கு, பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்று தன் நீள அகலத்துக்கு ஏற்ப ஏறத்தாழ 48, 57 ஹெர்ட்ஸ்களில் தானாகவே முழங்கும் இயல்புடையது. மொசைக் தரையும் வெற்றுச் சிமெண்டுச் சுவருமாக அமைந்த வீட்டில் அம்முழக்கம் எளிதில் அடங்குவதில்லை.

வாட்ஸ் மயக்கமோ இன்னும் எளிதில் கலையக்கூடியது. வாட்ஸை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயர்கிறது. காதுக்கு இருமடங்காகத் தோன்ற வேண்டுமானால் ஏறத்தாழப் பத்து மடங்கு வேண்டும். அட்டைப்பெட்டிமேல் ஆயிரக்கணக்கில் அச்சிடப்பட்ட பி.எம்.பி.ஓ. என்பது எந்தப் பொது அளவு முறைக்கும் கட்டுப்படாத விளம்பர எண். சாதாரண ஸ்பீக்கர், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 86 டெசிபல் அளவுக்கு ஒலிக்கும். வீட்டு அறையில் ஒருவர் பாட்டுக் கேட்க அந்த ஒரு வாட்டே பெரும்பாலும் போதுமானது.

குரலை மையமாக வைத்துப் பெட்டி செய்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு 1970களில் பி.பி.சி. பொறியாளர்கள் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ சான்று. வெளிப்புற ஒலிபரப்பு வேனுக்குள் அடங்குவதற்காகச் செய்யப்பட்ட, ஓரடி உயரமே உள்ள அந்தப் பெட்டி, பேச்சுக்குரல் இயல்பாகக் கேட்கிறதா என்று பார்த்துப் பார்த்துச் செப்பம் செய்யப்பட்டது. அது இன்று அரும்பொருள் விலைக்குப் போய்விட்டது என்பது வேறு சங்கதி. ஐந்து முதல் ஆறரை அங்குலக் கூம்பும் அதன்மேல் உயர் அதிர்வுகளுக்கான ஒரு ட்வீட்டரும் கொண்ட இருவழிப் பெட்டிகள் இரண்டு, ஓர் எளிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் என்ற அதே வழியில், வார்ஃபடேலின் டயமண்ட் வரிசையோ பழைய சோனோடைன் ஜோடியோ நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியவை. புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்ற பெயரை நம்பி அவற்றை ஷோகேஸுக்குள் திணித்துவிடாமல், சுவரிலிருந்து ஓரிரு அடி தள்ளி, ட்வீட்டர் காது மட்டத்துக்கு வரும்படி மர முக்காலியில் நிறுத்தினால், ஜீவாளி நூல் பொருந்திய தம்பூராவின் ரீங்காரம் பாட்டுக்குப் பின்னால் தனியே கேட்கத் தொடங்குகிறது.

கடையில் சோதிக்க விரும்புவோர் சினிமாப் பாட்டை நிறுத்தச் சொல்லி, ஓர் ஆலாபனையை ஒலிக்கவிட்டு, சப்வூஃபரின் ஒயரைக் கழற்றுமாறு கேட்கலாம். விற்பவர் அதற்குத் தயங்குவதில் வியப்பில்லை. அது நின்ற மறுகணமே ஐந்து குட்டிப் பெட்டிகளும் வித்துவானை மூக்கால் பாடவைத்துவிடும்.